வெட்டாமல் கழற்றுகிற பன்னீர்செல்வம்

அந்தமானின் கராச்சர்மாவில் யாரிடம் வேண்டுமானாலும் கேட்டுப் பாருங்கள், மெக்கானிக் பன்னீர்செல்வத்தைப் பற்றி முதலில் ஒன்றைத்தான் சொல்வார்கள்: அவர் வெட்டமாட்டார். துருப்பிடித்து இறுகிப்போன போல்ட் எதுவானாலும் தட்டுவார், தடவுவார், சூடு காட்டுவார், கெஞ்சுவார், அதன் பரம்பரையையே இழுத்துத் திட்டுவார். வெட்ட மட்டும் மாட்டார். இருபத்தேழு வருஷமாக இப்படித்தான். ஊர் இதைச் சொல்வதற்கு முன்னால் அவரே சொல்லிவிடுவார் என்பது வேறு விஷயம்.

மெயின்லேண்டில் இருக்கிறவனுக்கு இதன் அருமை தெரியாது. அவன் வெட்டிப் போட்டுவிட்டு, டீ குடிக்கப் போகிற வழியில் புது போல்ட் வாங்கி வந்துவிடுவான். போர்ட் பிளேரில் அந்தக் கதை நடக்காது. (ஊருக்கு இப்போது ஸ்ரீ விஜயபுரம் என்று பெயர். துருவுக்கு இன்னும் தகவல் போகவில்லை.) இங்கே வெட்டினால் சென்னைக்குப் போன் போட வேண்டும். சென்னைக்காரன் போட்டோ கேட்பான். அனுப்பினால் வேறு கோணத்தில் கேட்பான். பிறகு கப்பல் கிளம்ப வேண்டும். அது தன் இஷ்டத்துக்குத்தான் கிளம்பும். பதினெட்டாம் நாள் பார்சலைப் பிரித்தால், ஒரு நூல் குறைவான போல்ட் ஒன்று உள்ளே நிம்மதியாகப் படுத்திருக்கும். ஆகவே தீவில் போல்ட்டைக் கழற்றுகிறவன் அதையே திரும்ப மாட்டவும் வேண்டும். பன்னீர்செல்வத்தின் கொள்கை முழுக்க இந்தக் கப்பலின் தயவில் பிறந்தது.

அவருக்கு இன்னும் இரண்டு பெருமைகள் உண்டு. ஒன்று, ஷெட்டின் தகரக் கதவில் அவரே பெயின்டால் எழுதி வைத்திருக்கும் சட்டம்: ‘கப்பலில் வந்த எதையும் நல்ல தண்ணீரில் கழுவாமல் மாட்டாதே.’ கீழே ஹிந்தியிலும் எழுதியிருந்தார். ஹிந்தியைத் துரு தின்றுவிட்டது. நாலு நாள் கடல் காற்றில் வந்த சாமானில் உப்பு உட்கார்ந்திருக்கும், அதைக் கழுவாமல் இறுக்கினால் இரும்பும் இரும்பும் கல்யாணம் கட்டிக்கொள்ளும், அப்புறம் எந்தக் கோர்ட்டிலும் விவாகரத்து கிடையாது என்று வருகிறவர் போகிறவருக்கெல்லாம் விளக்குவார். டயருக்குக் காற்றடிக்க வந்தவர்கூட இந்த உபதேசத்தைக் கேட்காமல் தப்பியதில்லை.

இன்னொன்று, நெயில் பாலிஷ். போல்ட்டை இறுக்கி முடித்ததும் அதன் தலையில் ஒரு கோடு இழுத்துவிடுவார். பிற்பாடு கோடு விலகியிருந்தால் போல்ட் தளர்ந்துவிட்டது என்று அர்த்தம். மற்றவர்கள் இதற்குப் பெயின்ட் பேனா வைத்திருக்கிறார்கள். இவர் மனைவி ஜெயலட்சுமியின் நெயில் பாலிஷை வைத்திருக்கிறார். நகத்துக்கு என்று அந்த அம்மாள் வாங்கி வைப்பது எல்லாம் நட்டுக்குப் போய்ச் சேரும். கேட்டால், அது கோடு இல்லை, கையெழுத்து என்பார். தன் கையெழுத்து இல்லாத போல்ட்டுக்குத் தான் பொறுப்பில்லை என்றும் சொல்வார். அபர்டீன் பஜாரிலிருந்து விம்பர்லிகஞ்ச் வரை வண்டி வைத்திருக்கிற எல்லோருக்கும் இந்தக் கையெழுத்து தெரியும்.

இப்படிப்பட்டவரிடம்தான் ஒரு மார்ச் மாதத் திங்கள்கிழமை அப்துல் ஜப்பார் பாய் தன் காரைக் கொண்டுவந்து விட்டார். கொண்டுவந்தார் என்பது மரியாதைக்கு. லாரியில் ஏற்றிக்கொண்டு வந்தார்.

ஜப்பார் பாய்க்கு அபர்டீன் பஜாரில் ஜவுளிக்கடை. நாலு வருஷத்துக்கு முன்பு சென்னையில் யாரோ பயன்படுத்திய வெளிநாட்டுக் கார் ஒன்றை ஆசைப்பட்டு வாங்கி, ஏஜென்ட் மூலமாகக் கப்பலில் வரவழைத்தார். அந்தக் காருக்குச் சக்கரங்களின் மேல் ஸ்பிரிங் கிடையாது. காற்றடைத்த ரப்பர் பைகள். பொத்தானை அழுத்தினால் கார் எழுந்து நிற்கும், இன்னொரு தடவை அழுத்தினால் பணிந்து உட்காரும். ரப்பர் பைகள் ஒவ்வொன்றாக வெடிக்க, கடைசியில் எந்தப் பொத்தானுக்கும் எழுந்திருக்காமல் குட்டையில் இறங்கிய எருமை போல உட்கார்ந்துவிட்டது. கம்பெனி ஒர்க்‌ஷாப்புக்குப் போகலாம் என்றால், நடுவில் வங்காள விரிகுடா இருந்தது.

போன வருஷம் பாயின் மாப்பிள்ளை மெயின்லேண்டிலிருந்து வந்தபோது, ஏர்போர்ட் வாசலிலேயே கார் இப்படி உட்கார்ந்துகொண்டது. மாப்பிள்ளை சிரித்துவிட்டார். ஆட்டோவில் போய்க்கொள்ளலாம் மாமா என்று சமாதானமும் சொன்னார். அந்தச் சிரிப்பை மெஹருன்னிசா, அதாவது பாயின் மனைவி, இன்றுவரை பாய்க்கு மறக்கவிடவில்லை. இந்த வெள்ளிக்கிழமை நாலு மணி விமானத்தில் மாப்பிள்ளை மறுபடி வருகிறார். அதற்குள் காற்றுப் பைகளைத் தூக்கி எறிந்துவிட்டு, சென்னையிலிருந்து வந்திறங்கிய இரும்பு ஸ்பிரிங்குகளை மாட்டி, காரை நிரந்தரமாக எழுப்பி நிறுத்த வேண்டும். பன்னீர்செல்வம், புதன்கிழமையே எடுத்துக்கொண்டு போங்கள் பாய் என்றார். பெரிய மனசு.

காரைத் தூக்கி நிறுத்தியதும் அவர் முதலில் செய்த காரியம், அடியில் படுத்துத் தன் கையெழுத்து எங்காவது இருக்கிறதா என்று தேடியது. அடிப்பாகம் முழுக்க யாரோ கருப்புத் தார்ப் பூச்சு அடித்திருந்தார்கள். அதன்மேல் சேறு, சேற்றின்மேல் துரு. நெயில் பாலிஷ் எங்கேயும் கண்ணில் படவில்லை. இந்த வண்டியில் நமக்குப் பங்கில்லை என்று உறுதியானதும் அவருக்கு நாக்கு சுதந்திரமடைந்தது.

மெக்கானிக் தொழிலில் ஒரு மரபு உண்டு. வேலையைத் தொடுவதற்கு முன்னால், இதற்கு முன் தொட்டவனைத் திட்ட வேண்டும். திட்டாமல் ஆரம்பித்தால் வண்டிக்காரருக்கு நம்பிக்கை வராது. பன்னீர்செல்வம் இந்த மரபை மற்றவர்களைவிடக் கொஞ்சம் பக்தியோடு கடைப்பிடிப்பவர். காற்றுக் குழாயைப் பிடுங்கும்போது திட்டினார். ஒவ்வொரு சக்கரத்தைக் கழற்றும்போதும் திட்டினார். செவ்வாய்க்கிழமை மத்தியானத்துக்குள் மூன்று சக்கரங்களுக்கு ஸ்பிரிங் ஏறிவிட்டது. நாலாவது, முன்பக்கம் இடதுபுறம். அதன் கீழ் போல்ட்டில் வந்து நின்றது வேலை.

நட்டு கழன்றுவிட்டது. போல்ட் வரவில்லை. அது ஒரு ரப்பர் புஷ்ஷின் நடுவில் இருக்கிற இரும்புக் குழாய்க்குள் போகிற போல்ட். உள்ளே குழாயும் அதுவும் துருவேறி ஒன்றாகிவிட்டன. ஸ்பேனரைப் போட்டுத் திருப்பினால் ரப்பரும் சேர்ந்து திரும்பியது. விட்டால் எல்லாம் பழைய இடத்துக்கே வந்து நின்றது. ஸ்பேனருக்கு வாலாக இரண்டடிக் குழாயைச் சொருகி அழுத்தினார். கார் ஆடியது, ஷெட் ஆடியது, போல்ட் ஆடவில்லை. அன்றைக்குப் பூராவும் அவர் போல்ட்டை மாட்டினவனின் கண், கை, புத்தி, அவனுக்குத் தொழில் சொல்லிக்கொடுத்தவன், அவனைப் பெற்றவர்கள் என்று வரிசையாக எல்லோரையும் விசாரித்து முடித்தார்.

சாயங்காலம் பார்க்க வந்த ஜப்பார் பாய், யார்தான் இப்படி மாட்டியது என்று கேட்டார். தெரியாது என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொல்லியிருந்தால் இந்தக் கதைக்கே வேலையில்லை. பன்னீர்செல்வம் டார்ச் அடித்து ஏதோ ரேகை பார்ப்பது போல உள்ளே எட்டிப் பார்த்தார். பிறகு நிதானமாகச் சொன்னார்.

“இது லம்பா லைன் கை, பாய். பக்கா.”

லம்பா லைனில் ஒர்க்‌ஷாப் வைத்திருப்பவன் ராஜமாணிக்கம். பன்னீர்செல்வத்தைவிடப் பதினைந்து வயது இளையவன். ஏர்போர்ட் சாலை பக்கத்திலேயே இருப்பதால் ஓட்டல் வண்டிகள், பெரிய மனுஷர்களின் கார்கள் எல்லாம் அவனிடம் போகும். அவனுடைய முதல் குற்றம் அது. இரண்டாவது குற்றம், அவன் கேஸ் கட்டர் வைத்திருந்தான். இறுகின போல்ட்டோடு அரை மணி நேரத்துக்கு மேல் பேச்சுவார்த்தை நடத்தமாட்டான். வெட்டி எறிந்துவிடுவான். வெட்டுகிறவனுக்கு மாற்று வேண்டுமே, அதனால் மெயின்லேண்டிலிருந்து விதவிதமாகப் போல்ட் வரவழைத்து பிஸ்கட் டின்களில் அடுக்கி வைத்திருந்தான். அது முன்யோசனை என்று மற்றவர்கள் நினைத்தார்கள். பன்னீர்செல்வம் அதைக் கையாலாகாத்தனம் என்று சொல்லிவந்தார்.

ஜவுளிக்கடையில் காலை பதினொரு மணிக்குச் சொல்கிற பேச்சு, மத்தியானச் சாப்பாட்டுக்குள் ஜங்கிலிகாட் போய்ச் சேர்ந்துவிடும். புதன்கிழமை அப்படித்தான் சேர்ந்தது. லம்பா லைன்காரன் மாட்டின போல்ட் ஒன்றைக் கராச்சர்மாவில் மூன்று பேர் சேர்ந்தும் கழற்ற முடியவில்லையாம் என்று ஆனது. சாயங்காலம், ஒரு ஓட்டல் மேனேஜர் ராஜமாணிக்கத்திடம் விட்டிருந்த இரண்டு வேன்களையும் வேலை முடியாமலே திரும்ப எடுத்துக்கொண்டு போய்விட்டார் என்று பன்னீர்செல்வத்தின் காதில் விழுந்தது. அவருக்குச் சுருக்கென்றுதான் இருந்தது. கெட்டவர் இல்லை பாருங்கள். ஆனால் யாரோ ஒருவன் இறுக்கியிருக்கத்தானே வேண்டும், அது அவனாக ஏன் இருக்கக் கூடாது என்று மனசைத் தேற்றிக்கொண்டு, அடுத்த வைத்தியத்துக்குப் போனார்.

கியர் ஆயிலும் தின்னரும் கலந்த கஷாயத்தைச் சொட்டுச் சொட்டாக விட்டார். போல்ட் குடித்துவிட்டுச் சும்மா இருந்தது. சூடு காட்டி மெழுகுவத்தியை உருக்கி இடுக்கில் இறக்கினார். ரப்பர் கருகி ஷெட் முழுக்க நாற்றமடித்தது. முதலில் இறுக்குகிற பக்கம் கொஞ்சம், பிறகு கழற்றுகிற பக்கம் கொஞ்சம் என்று ஏமாற்றிப் பார்த்தார். அவரை அது ஏமாற்றியது.

வியாழக்கிழமை காலையில் ராஜமாணிக்கமே ஸ்கூட்டரில் வந்து இறங்கினான். சண்டைக்குத்தான் வந்திருக்கிறான் என்று பன்னீர்செல்வம் எழுந்து நின்றார். அவனோ சத்தமே போடவில்லை. குனிந்து போல்ட்டைப் பார்த்தான், நிமிர்ந்து இவரைப் பார்த்தான்.

“அண்ணே, இந்த வண்டிய நான் தொட்டதே கெடையாது. நீங்க கழட்டினதும் எனக்கும் ஒருவாட்டி காட்டுங்க. யாரு கைன்னு நானும் தெரிஞ்சுக்கணும்ல?”

காட்டுகிறேன், காட்டுகிறேன் என்றார் பன்னீர்செல்வம், கண்ணைப் பார்க்காமல். அந்த நேரம் பார்த்து ஜப்பார் பாயும் போன் செய்தார். நாளைக்கு ஜும்ஆ தொழுகை முடித்துவிட்டு நேராக ஷெட்டுக்கு வருவதாகவும், அதற்குள் போல்ட் வராவிட்டால் ராஜமாணிக்கத்தைக் கேஸ் கட்டரோடு அங்கேயே வரச்சொல்லி வெட்டிவிடுவதாகவும் சொன்னார். மாட்டினவனே வெட்டட்டும், அதுதான் நியாயம் என்றார். இருபத்தேழு வருஷமாக வெட்டாத ஷெட்டில், ஊர் பார்க்க, வேறொருவன் வந்து வெட்டப் போகிறான். பன்னீர்செல்வத்துக்கு அன்றைக்குச் சோறு இறங்கவில்லை.

மத்தியானம் போல்ட்டின் முனையில் பூத்திருந்த வெள்ளைப் பொருக்கைச் சுரண்டி நாக்கில் வைத்துப் பார்த்தார். உப்பு. அசல் கடல் உப்பு. தாங்க முடியாத சந்தோஷம் அவருக்கு. உடனே பாய்க்குப் போன் போட்டார். கப்பலில் வந்த வண்டியை எந்த மகானுபாவனோ ஒரு சொம்புத் தண்ணீர்கூட ஊற்றாமல் இறுக்கியிருக்கிறான், கப்பல் வந்து நிற்கிற ஹாடோ ஜெட்டியிலேயே வைத்து இறுக்கியிருப்பான், கதவில் எழுதியே வைத்திருக்கிறேனே பாய், படிக்கத் தெரிந்தால்தானே என்று பொரிந்து தள்ளினார். ஹாடோ என்று சொன்னபோது மட்டும் தலைக்குள் எதுவோ ஒன்று லேசாகத் தட்டியது. திட்டுகிற வேகத்தில் அது காதில் விழவில்லை.

உப்புதான் வியாதி என்றால் மருந்து நல்ல தண்ணீர். கொதிக்கக் கொதிக்க ஊற்றி உப்பைக் கரைத்து, ஆறியதும் கஷாயம் விட்டு, மறுபடி ஊற்ற வேண்டும். ஷெட்டுக்குப் பின்னால்தான் வீடு. ஆனால் கராச்சர்மாவில் மார்ச் மாதத்தில் குழாயில் தண்ணீர் மூன்று நாளுக்கு ஒரு தடவை எட்டிப் பார்க்கும். ஜெயலட்சுமி அதைச் சிந்தாமல் சிதறாமல் இரண்டு டிரம்களில் பிடித்து வைத்திருந்தாள். அதில் ஒரு டிரம் வெள்ளிக்கிழமை காலைக்குள் அந்தப் போல்ட்டின் தலையில் போய் முடிந்தது.

“மனுஷன் குளிக்கத் தண்ணி இல்ல, போல்ட்டுக்கு வெந்நீர்க் குளியல் கேக்குதா? வளைகாப்பும் செஞ்சிருங்க” என்றாள் ஜெயலட்சுமி, அடுப்பில் அடுத்த குண்டானை ஏற்றிக்கொண்டே.

வெள்ளிக்கிழமை ஒன்றே முக்காலுக்கு ஜப்பார் பாய் தொப்பியோடு வந்துவிட்டார். பின்னாலேயே ராஜமாணிக்கம், சிலிண்டரை ஒரு ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு. பன்னீர்செல்வம் அவர்களை ஏறிட்டே பார்க்கவில்லை. ஸ்பேனரை மாட்டி அழுத்தினார். ரப்பர் திரும்பியது. பிறகு ரப்பர் நின்றுகொண்டது, போல்ட் மட்டும் திரும்பியது. உள்ளே எங்கோ கிரீச் என்று ஒரு சத்தம். அவர் உடம்பெல்லாம் புல்லரித்துப் போனது. பித்தளைத் துண்டை முட்டுக் கொடுத்துச் சுத்தியலால் தட்டினார். போல்ட் ஒரு நூல் நகர்ந்தது, பிறகு விரற்கடை, பிறகு செம்மண் கொட்டுகிற மாதிரி துருவைக் கொட்டிக்கொண்டு மொத்தமாக வெளியே வந்து விழுந்தது.

எழுந்து நின்றார் பன்னீர்செல்வம். அந்த நிமிஷம் அவரைப் பார்த்திருக்க வேண்டும். நடுவில் பாதி தின்னப்பட்டு இளைத்திருந்த போல்ட்டைக் கையில் தூக்கிப் பிடித்து, வெட்டாமல் எடுத்திருக்கிறேன் பாருங்கள் என்று காட்டினார். ராஜமாணிக்கம் பக்கம் திரும்பி, யார் கை என்று தெரிந்துகொள்ள வேண்டும் என்றாயே, வா, துடைத்துக் காட்டுகிறேன் என்று சொல்லி, போல்ட்டின் தலையை வேஸ்ட் துணியால் அழுத்தித் துடைத்தார். ஒரு டிரம் வெந்நீரில் ஊறிப்போன தார்ப் பொருக்கு தோலாக உரிந்து வந்தது.

அடியில் ஒரு கோடு இருந்தது. கத்தரிப்பூ நிறம்.

இப்போது எல்லாம் ஞாபகத்துக்கு வந்தது, கேட்காமலே. நாலு வருஷத்துக்கு முன்பு ஒரு ஏப்ரல். ஹாடோ ஜெட்டி. சங்கிலி போட்டுக் கட்டி வந்ததில் ஒரு காரின் முன்பக்கம் இடது சக்கரத்துக்கு உள்ளே ஒரு போல்ட் தளர்ந்துவிட்டது, பத்து நிமிஷத்தில் முடித்துக் கொடுங்கள் என்று ஏஜென்ட் கூப்பிட்டிருந்தான். காரின்மேல் தார்ப்பாய் மூடிக் கட்டியிருந்தது. சக்கரம் மட்டும்தான் தெரிந்தது. போல்ட் உப்பில் நரைத்திருந்தது. ஜெட்டியில் குழாய் வறண்டு கிடந்தது. இவருடைய ஸ்கூட்டரில் வீட்டுக்கென்று வாங்கின இருபது லிட்டர் தண்ணீர் கேன் இருந்தது. கேனைப் பார்த்தார், போல்ட்டைப் பார்த்தார், ஐந்து நாளாகத் தண்ணீர் வராத வீட்டை நினைத்தார். கேன் வீட்டுக்குப் போனது. போல்ட் அப்படியே உள்ளே போனது. போதாதென்று கையெழுத்தும் போட்டிருந்தார்.

கட்டைவிரல் தானாகவே நகர்ந்து கோட்டை மூடிக்கொண்டது. என்ன பன்னீரு, யாரு கை என்று கேட்டார் பாய். அந்த நேரம் பார்த்து ஜெயலட்சுமி கடைசிக் குண்டானோடு வந்து நின்றாள். விரல் இடுக்கில் எட்டிப் பார்த்தாள்.

“இது என் கத்தரிப்பூ கலராச்சே! நாலு வருஷமா இந்தக் கலர் கடைக்கே வரலயே” என்றாள் ஆசையோடு.

பாய் தொப்பியைக் கழற்றி மறுபடி போட்டுக்கொண்டார். ராஜமாணிக்கம் சிரிப்பான் என்று பன்னீர்செல்வம் எதிர்பார்த்தார். சிரித்திருந்தால் தேவலை. திருப்பி ஒரு வார்த்தை திட்டிப் பாரத்தைக் குறைத்துக்கொண்டிருக்கலாம். அவன் சிரிக்கவில்லை. மூன்று நாளாகத் திட்டின திட்டு ஒவ்வொன்றும், அந்தக் கண், அந்தக் கை, அந்தப் புத்தி, பெற்றவர்கள் உள்பட, விலாசம் கண்டுபிடித்து வீடு வந்து சேர்ந்தது. வெட்கத்தில் அவருக்குக் காது சுட்டது. ராஜமாணிக்கத்திடமிருந்து வேலை முடியாமலே போன வேன் இரண்டும் கண்ணெதிரில் போயின.

விரலை எடுத்துவிட்டார்.

“பாய், லம்பா லைன் கை இல்ல. என் கைதான். நாளைக்குக் கடைக்கு வந்து நானே சொல்றேன். பதினோரு மணிக்கு வரேன், அப்பத்தான் கூட்டம் இருக்கும். அந்த ஓட்டல்காரர்கிட்டயும் போறேன்.”

பாய் தலையை மட்டும் ஆட்டினார். ஆடின தலை சுவர்க் கடிகாரத்தில் போய் நின்றது. இரண்டே கால். நாலு மணிக்கு மாப்பிள்ளை இறங்கிவிடுவார். கையிலிருக்கிற போல்ட்டோ துரு தின்று நடுவில் பென்சில் கனம் ஆகியிருந்தது. அதைத் திரும்ப மாட்டினால் ஏர்போர்ட்டுக்குக் கார் மூன்று சக்கரத்தில்தான் போய்ச் சேரும். இருபத்தேழு வருஷமாக வெட்டாத ஷெட் என்பதால், இருபத்தேழு வருஷமாக மாற்றுப் போல்ட் என்று ஒன்று அங்கே வாங்கி வைத்ததே இல்லை. பன்னீர்செல்வம் நாலு டப்பாக்களைக் கவிழ்த்துத் தேடினார். தேடுவதற்கு ஒன்றுமில்லை என்று தெரிந்தே தேடினார்.

ராஜமாணிக்கம் சட்டைப் பையில் கையை விட்டான். பிளாஸ்டிக் உறைகூடப் பிரிக்காத போல்ட் ஒன்றை எடுத்தான். வெட்ட வந்தவன் மாற்று இல்லாமல் வருவானா? அளவு பார்த்தே கொண்டுவந்திருந்தான். வியாழக்கிழமை குனிந்து பார்த்தது அதற்குத்தான் போலிருக்கிறது. உறையைக் கிழித்துப் பன்னீர்செல்வத்தின் உள்ளங்கையில் வைத்தான். தகரக் கதவை ஒருதரம் திரும்பிப் பார்த்தான்.

“கப்பல்ல வந்ததுண்ணே. கழுவிட்டு மாட்டுங்க.”

பன்னீர்செல்வம் ஜெயலட்சுமியின் குண்டானை வாங்கிக் கீழே வைத்து, எல்லோரும் பார்க்க உட்கார்ந்து, அந்தப் புது போல்ட்டைக் கழுவினார். இரண்டு தடவை கழுவினார்.